களிமண் ஏட்டில் வாழும் சுமேரியர்

எழுத்தை முதன்முதலாகக் கண்ட மனிதன் எதை எழுதினான்? இறைவனைப் போற்றும் பாடலையா? மன்னனின் போர் வெற்றியையா? இரண்டையும் அல்ல. இதுவரை கிடைத்துள்ள எழுத்தேடுகளுள் மிகப் பழமையானவற்றை ஆராய்ந்தால், அவற்றுள் பெரும்பாலானவை கணக்கேடுகளாகவே இருக்கின்றன. களஞ்சியத்திற்கு இவ்வளவு தானியம் வந்தது, பட்டியில் இத்தனை ஆடுகள் உள்ளன, இத்தனை ஆட்களுக்குப் படியளக்கப்பட்டது என்பனவே அவற்றின் செய்தி. வந்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்பதை நினைவில் மட்டும் வைத்திருக்க முடியாது என்ற நிலை ஏற்பட்டபோது எழுத்துப் பிறந்தது.

அந்த எழுத்தைத் தோற்றுவித்தவர்கள் சுமேரியர் என்பது அறிஞர் பெரும்பாலோரின் முடிபு. கணக்கில் தொடங்கிய எழுத்து அவர்கள் கையில் பாடலாகவும் காப்பியமாகவும் சட்டமாகவும் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இரு ஆறுகளுக்கு நடுவே

இன்றைய ஈராக் நாட்டின் தென்பகுதியே பண்டைய சுமேரியா. யூப்ரட்டீஸ், டைகிரிஸ் என்னும் இரண்டு பேராறுகள் அச்சமவெளியில் பாய்கின்றன. அங்கே ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை காணும் நம் நாட்டினருக்கு அந்நிலத்தின் வறட்சியை எண்ணிப் பார்ப்பதே கடினம். கல் இல்லை, உலோகம் இல்லை, வீடு கட்டத்தக்க நல்ல மரமும் இல்லை. இருந்தவை வண்டல் மண்ணும், நாணலும், ஆற்று நீரும், பேரீச்ச மரங்களுமே.

அந்த ஏழ்மை நிறைந்த நிலத்தை வளநாடாக மாற்றியது மனித உழைப்பு. ஆற்றிலிருந்து வாய்க்கால்கள் வெட்டி நீரைக் கொணர்ந்து வாற்கோதுமை பயிரிட்டனர். வாய்க்காலை ஒருமுறை வெட்டினால் போதாது. ஆற்று நீர் சுமந்துவரும் வண்டல் ஆண்டுதோறும் படிந்து அதைத் தூர்த்துவிடும். ஆண்டுதோறும் தூர் வாருதல் வேண்டும். வெள்ளமோ அறுவடைக் காலத்தை ஒட்டி வருவது. கரை உடைந்தால் விளைந்த பயிர் பாழாகும். ஆகவே பல ஊரார் ஒன்றுகூடி உழைக்கவும், அவ்வுழைப்பைப் பிரித்துக் கொடுக்கவும் ஓர் ஒழுங்கு தேவைப்பட்டது. அந்த ஒழுங்கிலிருந்து உருக், உர், லகாஷ், நிப்பூர், எரிது முதலிய நகரங்கள் எழுந்தன.

களிமண்ணும் நாணலும்

கி.மு. 3200-ஐ ஒட்டி உருக் நகரில் எழுத்து உருவாயிற்று. ஈரக் களிமண்ணை உள்ளங்கையில் அடங்கும் பலகையாகத் தட்டி, நாணல் குச்சியால் அதில் குறிகளை வரைந்தனர். தொடக்கத்தில் அவை பெரும்பாலும் பொருள்களின் உருவங்களே. ஒரு கிண்ணத்தின் உருவம் உணவைக் குறித்தது. மனிதத் தலையின் அருகே அக்கிண்ணத்தை வரைந்தால் ‘உண்’ என்று பொருள். நாளடைவில் உருவம் வரைவதை விடுத்து, நாணலின் நுனியை மண்ணில் அழுத்தி ஆப்பு வடிவக் கோடுகளாக எழுதலாயினர். இதனால் இதற்கு ஆப்பெழுத்து என்ற பெயர் ஏற்பட்டது.

இவ்வெழுத்து மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழக்கில் இருந்தது. வடக்கே இருந்த அக்காடியரும், கிழக்கே இருந்த ஈலாமியரும், வடமேற்கே அனத்தோலியாவில் இருந்த ஹிட்டைட்டு மக்களும் தத்தம் மொழிகளை இதே எழுத்தில் எழுதினர். சிரியாவில் உள்ள எப்லா என்னும் பழம்பெரும் நகரில் 1970-களில் பல்லாயிரம் களிமண் ஏடுகளும் துண்டுகளும் கண்டெடுக்கப்பட்டன. சுமேரியச் சொற்களுக்கு எப்லா மொழியில் பொருள் கூறும் சொற்பட்டியல்களும் அவற்றுள் இருந்தன. நாலாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருமொழி அகராதி இருந்தது என்பதற்கு அவை சான்றாகும்.

படியளந்த கணக்கு

கி.மு. 2112 முதல் 2004 வரை உர் நகரைத் தலைநகராகக் கொண்டு ஓர் அரச மரபினர் ஆண்டனர். அவர்கள் காலத்துக் கணக்கேடுகள் பல்லாயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அரசுக்கும் கோயிலுக்கும் உழைத்தவர்களுக்கு மாதந்தோறும் வாற்கோதுமை அளந்து கொடுக்கப்பட்டது. வளர்ந்த ஆணுக்கு வழக்கமான அளவு 60 ‘சிலா’. ஒரு சிலா என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர். பெண்ணுக்குப் பொதுவாக 30 சிலா. சிறுவர்களுக்கு அதனினும் குறைவு. இவற்றோடு எண்ணெயும், கம்பளி அல்லது துணியும் வழங்கப்பட்டன. நெசவுக் கூடங்களில் உழைத்த பெண்களின் பெயர்களும் அவர்கள் பிள்ளைகளின் பெயர்களும் அவ்வேடுகளில் வரிசையாக நிற்கின்றன.

முன்னாளில் விடியற்காலைப் பெரட்டில் நின்று, கிராணியார் பேரேட்டில் தம் பெயர் பதியப்பெற்ற தலைமுறையினருக்கு இக்காட்சி புதிதன்று. பெயர் ஏட்டில் ஏறினால்தான் கூலி. ஆனால் அந்த ஏட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைச் சுமேரிய உழைப்பாளி அறியமாட்டான். எழுத்தறிவு அன்று மிகச் சிலருக்கே உரியதாக இருந்தது.

எழுத்து வலியவர் கையில் மட்டும் நின்றுவிடவில்லை என்பதையும் கூற வேண்டும். கி.மு. 2350-ஐ ஒட்டி லகாஷை ஆண்ட உருகாகினா என்னும் மன்னர் தம் சீர்திருத்தங்களைக் களிமண்ணில் எழுதி வைத்தார். அதிகாரிகள் மக்களிடம் பறித்த வரிகளையும், இறந்தோரை அடக்கம் செய்ய வாங்கிய மிகுதியான கட்டணத்தையும் அவர் குறைத்தார். விதவையையும் தாய்தந்தையற்ற பிள்ளையையும் வலியவரிடம் ஒப்புவிப்பதில்லை என்று தம் நகரத் தெய்வத்திடம் உறுதி கூறினார். கடனால் அடிமைப்பட்டோரின் விடுதலையைக் குறிக்க ‘அமர்கி’ என்ற சொல் அங்கே வழங்கிற்று. அச்சொல்லின் நேர்ப்பொருள் ‘தாயிடம் திரும்புதல்’ என்பதாகும். பிற்காலத்தில் உர் நகர மன்னர் உர்-நம்மு பெயரால் வெளிவந்த சட்டத் தொகுப்பே இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழமையானது. அது புகழ்பெற்ற ஹம்முராபியின் சட்டத்திற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு முந்தியது.

மண்வெட்டி வென்ற வழக்கு

சுமேரிய இலக்கியத்தில் வாதப் பாடல் என்று ஒரு வகை உண்டு. கோடையும் மாரியும், ஆடும் தானியமும், பறவையும் மீனும் எனப் பொருள்கள் இரண்டு எதிரெதிரே நின்று தத்தம் பெருமையைக் கூறி வாதிடும். இறுதியில் தெய்வமோ மன்னரோ தீர்ப்பு வழங்குவர். இவற்றுள் மண்வெட்டிக்கும் ஏருக்கும் நிகழ்ந்த வாதம் சுவை மிக்கது.

மண்வெட்டி எளியது; கோலும் பல்லும் அன்றி வேறில்லாதது. ஏரோ பெருமைக்கு உரியது. மன்னரே அதன் கைப்பிடியைத் தொடுகிறார். விழாக் காலத்தில் அதற்குப் படையல் நடக்கிறது. ஏர் தன் சிறப்பைக் கூறி மண்வெட்டியை இழித்துரைக்கிறது. மண்வெட்டி அஞ்சாமல் மறுமொழி கூறுகிறது. வாய்க்கால் வெட்டுவது யார்? கரை கட்டுவது யார்? செங்கல்லுக்கு மண் எடுப்பதும், வீட்டுக்கு அடித்தளம் தோண்டுவதும் யார்? ஏருக்கு ஆண்டில் நான்கு மாதமே வேலை. எஞ்சிய எட்டு மாதமும் மூலையில் கிடக்கும். தனக்கோ பன்னிரண்டு மாதமும் வேலை. ஏர் உடைந்தால் அதைச் செப்பனிடப் பலர் வேண்டும். இவ்வாறு மண்வெட்டி அடுக்கிக் கூறும் காரணங்களைக் கேட்டு, தெய்வங்களின் தலைவராகிய என்லில் மண்வெட்டிக்கே வெற்றி அளிக்கிறார்.

இதைப் பாடியவர் அரண்மனையையும் கோயிலையும் சார்ந்து வாழ்ந்த புலவராகவே இருக்க வேண்டும். எனினும் நாள்தோறும் குனிந்து உழைப்பவனின் கருவிக்கு அவர் முதலிடம் அளித்தார். நாலாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அந்நடுநிலை நம் நெஞ்சைத் தொடுகிறது.

ஏட்டு இல்லம்

சுமேரியர் பள்ளியை ‘எதுப்பா’ என்று அழைத்தனர். ‘ஏடுகளின் இல்லம்’ என்பது அதன் பொருள். நிப்பூர் நகரில் அகழ்வாய்வு செய்தோர், ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சிறிய வீட்டில் மாணவர் எழுதிப் பழகிய ஏடுகளும் துண்டுகளுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கண்டனர். பள்ளி என்றதும் பெரிய கட்டடத்தை எண்ண வேண்டியதில்லை. ஆசிரியரின் வீட்டு முற்றமே பள்ளியாயிற்று. மாணவர் முதலில் ஆப்புக் கோடுகளை அழுத்தப் பழகினர். பின்னர்ச் சொற்பட்டியல்கள், வாய்பாடு, பழமொழிகள் எனப் படிப்படியாக ஏறி இலக்கியத்தை அடைந்தனர். எழுதிய ஏட்டை மீண்டும் பிசைந்து புதிய ஏடு செய்துகொள்வது வழக்கம்.

அக்காலப் பள்ளி மாணவன் ஒருவனின் வாழ்வைக் கூறும் கதை ஒன்று உண்டு. பல அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடந்த துண்டுகளை இணைத்து, அமெரிக்க அறிஞர் சாமுவேல் நோவா கிரேமர் அதனை 1949-இல் வெளியிட்டார். சிறுவன் காலையில் எழுந்து, தாய் கொடுத்த அப்பங்களை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறான். பேசியதற்கு ஓர் அடி. எழுந்து நின்றதற்கு ஓர் அடி. கையெழுத்து நன்றாக இல்லை என்று ஓர் அடி. சுமேரிய மொழியில் பேசவில்லை என்றும் ஓர் அடி! மனம் வெறுத்த சிறுவன் தந்தையிடம் சொல்லி ஆசிரியரை வீட்டுக்கு அழைக்கிறான். தந்தை ஆசிரியருக்கு விருந்து படைத்து, புத்தாடை அணிவித்து, மோதிரமும் அளிக்கிறார். ஆசிரியர் மனம் குளிர்ந்து மாணவனை வாழ்த்துகிறார்.

நகைச்சுவையோடு எழுதப்பட்ட இக்கதையில் ஓர் உண்மை ஒளிந்துள்ளது. சுமேரிய மொழியில் பேசவில்லை என்று சிறுவனை ஏன் அடிக்க வேண்டும்? அவன் வீட்டில் அம்மொழி பேசப்படவில்லை என்பதே காரணம். அக்காலத்தில் மக்கள் அக்காடிய மொழிக்கு மாறிவிட்டனர். இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

தெய்வங்களும் மனிதரும்

ஒவ்வொரு நகரமும் ஒரு தெய்வத்தின் உடைமை என்பது சுமேரியரின் நம்பிக்கை. வானத்தின் தெய்வம் ஆன். நிப்பூரில் கோயில் கொண்ட என்லில். எரிதுவில் வீற்றிருந்த, நன்னீருக்கும் அறிவுக்கும் உரிய என்கி. உருக் நகரின் இனன்னா. உர் நகரின் நிலவுத் தெய்வம் நன்னா. நீதியைக் காக்கும் கதிரவன் உத்து ஆகியோர் அவர்களுள் தலையாயோர். தானியத்திற்கும் எழுத்துக்கும் ஒரே தெய்வம் இருந்தாள் என்பது கருதத்தக்கது. அவள் பெயர் நிசாபா. தானியக் கணக்கிலிருந்தே எழுத்துப் பிறந்தது என்பதை அவர்களின் சமயமும் மறக்கவில்லை.

உர்-நம்மு மன்னர் நன்னாவுக்குக் கட்டத் தொடங்கிய படிக்கட்டுக் கோபுரம் இன்றும் நிற்கிறது. அதன் அடித்தளம் ஏறத்தாழ 64 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் கொண்டது. கோயிலில் தெய்வத்திற்கு உணவு படைத்தனர், ஆடை அணிவித்தனர், இசை முழக்கினர். எந்நேரமும் கோயிலில் நிற்க இயலாத அடியார்கள், கைகூப்பி நிற்கும் சிறு சிலைகளைச் செய்து தமக்கு மாற்றாக அங்கே வைத்தனர். விரிந்த பெருங்கண்களோடு தெய்வத்தை நோக்கி நிற்கும் அச்சிலைகள் பல கிடைத்துள்ளன.

மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான்? சுமேரியருக்குப் பின் அக்காடிய மொழியில் எழுந்த அத்ரகாசிஸ் காப்பியம் இதற்கு விடை கூறுகிறது. தொடக்கத்தில் சிறு தெய்வங்களே வாய்க்கால் வெட்டி உழைத்தன. சுமை தாங்காமல் ஒரு நாள் அவை கருவிகளைத் தீயிட்டு, நள்ளிரவில் என்லிலின் மாளிகையைச் சூழ்ந்துகொண்டன. அந்நிலையில் என்கி ஒரு வழி கண்டார். களிமண்ணையும் ஒரு தெய்வத்தின் குருதியையும் கலந்து மனிதன் ஆக்கப்பட்டான். உழைப்பு அவன் தோளில் ஏற்றப்பட்டது. பின்னர்ப் பெருவெள்ளம் வந்து மனிதர் அழிந்தபோது, படைப்பாரின்றித் தெய்வங்களே பசியால் வாடின என்றும் அக்காப்பியம் கூறுகிறது. உழைப்பவன் இல்லையேல் உயர்ந்தோருக்கும் உணவில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

கவியரசியும் காவிய நாயகனும்

உலகில் பெயர் தெரிந்த நூலாசிரியர்களுள் முதல்வர் ஒரு பெண் என்பது பலரும் அறியாத செய்தி. கி.மு. 2300-ஐ ஒட்டி வாழ்ந்த என்ஹெதுவன்னா, அக்காடியப் பேரரசர் சார்கோனின் மகள். உர் நகரில் நன்னா கோயிலின் தலைமைப் பூசகியாக இருந்தவர். கலகக்காரன் ஒருவன் தம்மைக் கோயிலிலிருந்து விரட்டியதையும், இனன்னாவிடம் முறையிட்டு மீண்டதையும் கூறும் பாடல் அவர் பெயரால் வழங்குகிறது. அவருடைய உருவமும் பெயரும் பொறித்த வட்டக்கல் ஒன்று, 1922 முதல் 1934 வரை லியோனார்டு வூல்லி நடத்திய அகழ்வாய்வில் உர் நகரில் கிடைத்தது.

உருக் நகர மன்னன் கில்கமெஷைப் பற்றிச் சுமேரியர் தனித்தனிப் பாடல்களைப் பாடினர். அக்காடியப் புலவர்கள் அவற்றைத் தழுவிப் பெருங்காப்பியம் ஆக்கினர். ஆற்றல் மிக்க கில்கமெஷ் தன் உயிர்த் தோழன் என்கிடுவை இழக்கிறான். தானும் ஒருநாள் இறக்க வேண்டுமே என்ற அச்சம் அவனைப் பற்றுகிறது. சாவா நிலையைத் தேடி உலகின் எல்லைவரை செல்கிறான். இளமை தரும் செடி ஒன்று கிடைத்தும், அவன் நீராடும் வேளையில் பாம்பு அதைக் கொண்டுபோகிறது. வெறுங்கையோடு திரும்பியவன், தன் நகரின் மதிலைத் தன்னுடன் வந்தவனுக்குக் காட்டுகிறான். மனிதன் மறைவான், அவன் செய்த நற்பணி நிற்கும் என்பதே காப்பியத்தின் முடிவு.

தமிழும் சுமேரியமும்

சுமேரியர் தமிழரே என்ற கூற்றை நம்மவர் சிலர் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகின்றனர். சொற்களோடு உருபுகள் ஒட்டி வருவதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். அவ்வியல்பு துருக்கிய மொழிக்கும் ஜப்பானிய மொழிக்கும்கூட உண்டு. ‘ஊர்’ என்ற சொல்லைக் காட்டுவோரும் உளர். ஆனால் சுமேரியர் அந்நகரை ‘உரிம்’ என்றே அழைத்தனர். சுமேரியம் எம்மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி என்பதே மொழியியலார் இன்று கொண்டுள்ள முடிபு.

உறுதியாகச் சொல்லத்தக்க தொடர்பு வணிகத் தொடர்பே. மெலுக்கா நாட்டுக் கப்பல்கள் தம் துறையில் நின்றன என்று சார்கோன் பெருமையோடு எழுதினார். மெலுக்கா என்பது சிந்துவெளி என அறிஞர் பெரும்பாலோர் கருதுவர். சிந்துவெளியின் செம்மணிகள் உர் நகர அரச கல்லறைகளில் கிடைத்துள்ளன. மெலுக்கா மொழிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவரின் முத்திரையும் கிடைத்துள்ளது. நம் மொழியின் பெருமைக்கு அதன் சொந்தச் சான்றுகளே போதும்; நிறுவப்படாத உறவு அதற்குத் தேவையில்லை.

மறைந்த மொழி, மறையாத ஏடு

கி.மு. 2004-இல் ஈலாமியர் படையெடுத்து உர் நகரை அழித்தனர். அதன் கடைசி மன்னர் சிறைபிடிக்கப்பட்டார். நகரின் அழிவை எண்ணி அதன் தெய்வமே அழுவதாகப் புலவர்கள் பாடிய இரங்கற் பாடல்கள் இன்றும் உள்ளன. ஏறத்தாழ அக்காலத்திலேயே சுமேரியம் பேச்சு வழக்கிலிருந்து மறைந்தது. ஆயினும் பள்ளிகளும் கோயில்களும் அதனை மேலும் ஈராயிரம் ஆண்டு கற்பித்துக் காத்தன. இதில் நமக்கு இரு பாடங்கள் உள்ளன. பள்ளி காக்கும் மொழி எளிதில் அழியாது. ஆனால் வீட்டில் பேசப்படாத மொழியைப் பள்ளி மட்டும் காக்க நேர்ந்தால், அது ஏட்டில் இருக்குமேயன்றி நாவில் இராது.

அந்த ஏடுகள் நம் காலத்திற்கு வந்த கதையும் வியப்புக்குரியது. அசீரிய மன்னர் அசுர்பனிபால் நினிவே நகரில் பெரும் ஏட்டகம் ஒன்றை அமைத்தார். கி.மு. 612-இல் பகைவர் அந்நகரைத் தீக்கிரையாக்கினர். ஓலையாயின் சாம்பலாகியிருக்கும், களிமண் ஏடுகளுள் பல அத்தீயில் வெந்து உறுதிப்பட்டன. முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஏடுகளும் துண்டுகளும் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தன.

அவற்றுள் ஒன்றைப் படித்தறிந்தவர் ஜார்ஜ் ஸ்மித் என்னும் இளைஞர். எளிய குடும்பத்தில் 1840-இல் பிறந்தவர். 14 வயதில் பள்ளியை விட்டு, பணத்தாள் அச்சுச் செதுக்கும் தொழிலில் சேர்ந்தவர். நண்பகல் உணவு இடைவேளையில் அருங்காட்சியகத்திற்குச் சென்று ஆப்பெழுத்தைத் தாமே கற்றார். அவர் திறமையைக் கண்ட அறிஞர்கள் அவருக்கு அங்கேயே பணி அளித்தனர். 1872 டிசம்பர் 3-ஆம் நாள், கில்கமெஷ் காப்பியத்தின் பெருவெள்ளப் பகுதியைப் பிரதமர் கிளாட்ஸ்டன் உள்ளிட்ட அவையில் அவர் விளக்கியபோது உலகமே வியந்தது. 1876-இல், 36-ஆம் வயதில், ஆய்வுப் பயணத்தின்போது அலெப்போவில் அவர் காலமானார்.

சுமேரிய உழைப்பாளியின் பெயரை வேறொருவர் எழுதினார். அவனால் அதைப் படிக்க முடியவில்லை. நாலாயிரம் ஆண்டு கழித்து, உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்த ஒருவர் அதே எழுத்தைத் தம் உணவு வேளையில் கற்று, மறைந்த ஓர் உலகத்தைப் பேச வைத்தார். கிடைக்கும் சிறு ஓய்வையும் வாசிப்புக்கு ஒதுக்குவோர் எதையும் இழப்பதில்லை. இன்று மாலை நம் வீட்டுப் பிள்ளை புத்தகத்தை விரிக்கும்போது, அதன் அருகே நாமும் சற்று அமர்வோமாக.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. எழுத்து முதலில் எத்தேவைக்காகத் தோன்றியது? அத்தேவை இன்றும் உள்ளதா?

2. மண்வெட்டிக்கும் ஏருக்கும் நிகழ்ந்த வாதத்தில் என்லில் அளித்த தீர்ப்பு சரியானதா? காரணம் கூறுக.

3. ‘அமர்கி’ என்ற சொல்லுக்குத் ‘தாயிடம் திரும்புதல்’ என்ற பொருள் ஏன் பொருத்தமாகிறது?

4. ஒரு மொழி வாழ வீடும் பள்ளியும் ஆற்ற வேண்டிய கடமைகள் யாவை?